ஊசி போன தடம்

நீலக் குதிரை ஒன்று பாய்ந்து வருகிறது. நம் பக்கம் இருக்கும் கால்கள் நீலம். அந்தப் பக்கத்துக் கால்களுக்கு மட்டும் வேறு நிறக் கம்பளி நூல். நிழல் எதுவும் போடாமல், நூலை மாற்றியே எது பக்கம், எது தூரம் என்று சொல்லிவிட்டார்கள். ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முன்பு ஊசி பிடித்த யாரோ ஒருவருடைய யோசனை அது. அந்தத் துணியின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் முதலில் அந்தக் கால்களில்தான் போய் நிற்கிறது.

அந்தத் துணியை பாயூ திரைச்சீலை என்பார்கள். பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் இருக்கும் பாயூ நகரம் அதன் வீடு. 1066 ஜனவரியில் இங்கிலாந்து மன்னர் எட்வர்ட் இறக்கிறார், ஹரால்ட் முடிசூடுகிறார், பிறகு வானத்தில் ஹாலி வால்நட்சத்திரம் தோன்றுகிறது. நார்மண்டியின் வில்லியம் மரம் வெட்டிக் கப்பல் கட்டிக் கடல் தாண்டுகிறார். அக்டோபர் 14 அன்று ஹேஸ்டிங்ஸ் போரில் ஹரால்ட் மடிகிறார். இந்தக் கதை முழுவதும் ஏறக்குறைய 70 மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் கொண்ட லினன் துணியில் ஓடுகிறது. அறுநூறுக்கும் மேற்பட்ட மனிதர்கள், இருநூறு குதிரைகள். வில்லியமின் சகோதரர் முறையான பிஷப் ஓடோதான் இதைச் செய்யச் சொன்னவர் என்பதும், செய்தவை இங்கிலாந்துக் கைகள் என்பதும் பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. திரைச்சீலை என்ற பெயர் பழக்கத்தில் ஒட்டிக்கொண்டது. உண்மையில் இதில் தறியில் நெய்த உருவம் ஒன்றுகூட இல்லை. எல்லாமே ஊசி வேலை, சுத்தமான எம்பிராய்டரி.

உருவத்தின் விளிம்புக்கும் லத்தீன் எழுத்துகளுக்கும் காம்புத் தையல். உள்ளே நிரப்புவதற்குத்தான் தனி உத்தி. கம்பளி நூலை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நீளமாகப் படுக்க வைக்கிறார்கள். ஓரத்தில் நுனியளவு துணியை மட்டும் குத்தி எடுத்துத் திரும்புகிறார்கள். இப்படி நெருக்கமாக நிரப்பிய பிறகு, அதன் குறுக்கே இடைவெளி விட்டுச் சில நூல்களை ஓட்டி, அவற்றைச் சின்னச் சின்னத் தையலால் அமுக்கிவிடுகிறார்கள். ஒரு பழைய வேட்டித் துண்டில் இதைப் போட்டுப் பார்த்தேன். முன்பக்கம் மெத்தென்று நிரம்பியிருந்தது. திருப்பினால் வெறும் புள்ளிகள்! நூலெல்லாம் கண்ணுக்குத் தெரியும் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. 70 மீட்டருக்கு இது எவ்வளவு கம்பளியை மிச்சம் பிடித்திருக்கும் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. முகங்களையும் கைகளையும் அவர்கள் நிரப்பவே இல்லை. கோடு மட்டும் போட்டு, லினனின் வெளுப்பையே தோலாக விட்டுவிட்டார்கள்.

நிறங்கள் ஏறக்குறைய பத்து. அத்தனையும் மூன்றே செடிகளிலிருந்து வந்தவை. சிவப்பைத் தந்த வேர் நம்முடைய மஞ்சிட்டியின் நெருங்கிய உறவு. நீலத்துக்கு அவர்கள் பயன்படுத்தியது வோட் என்ற செடியின் இலை. ஆனால் அதிலிருந்து பிறக்கும் சாயப்பொருள் நம் அவுரியில் இருக்கும் அதே இண்டிகோதான். மூன்றாவது செடி மஞ்சள் நிறத்துக்கு. 1982-83இல் உள்துணியைப் பிரித்துப் பின்பக்கத்தைப் படமெடுத்தபோது, வெளிச்சம் படாத அந்தப் பக்கத்தில் நிறங்கள் இன்னும் அழுத்தமாக இருந்தன.

மொத்தம் ஒன்பது துண்டுகளை இணைத்திருக்கிறார்கள். முதல் இணைப்பில் மேல் ஓரக்கோடு ஒன்றோடொன்று சேரவில்லை, படியாக நிற்கிறது. அடுத்தடுத்த இணைப்புகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வேலை நடக்க நடக்கக் கை தேறியிருக்கிறது. எனக்கு அந்த முதல் பிசகு மிகவும் பிடிக்கும்.

இனி ஹரால்டின் கண்ணுக்கு வருவோம். அம்பு கண்ணில் தைத்து அவர் இறந்தார் என்றுதான் பள்ளிப் புத்தகங்கள் சொல்லிவந்தன. அதற்குக் காட்டப்படும் சாட்சி இந்தத் துணி. ஆனால் 1729இல் பிரெஞ்சு அறிஞர் மோன்ஃபோகானுக்காக ஆந்துவான் பெனுவா வரைந்த நகலில், கண்ணில் அம்பு தைத்ததாகச் சொல்லப்படும் வீரன் கையில் இருப்பது இறகில்லாத வெறும் கோடு. ஓங்கிய ஈட்டியாகவும் அதைப் படிக்கலாம். 1816இல் லண்டன் தொல்பொருள் கழகம் அனுப்பிய சார்லஸ் ஸ்டோத்தார்ட் முழுத் துணியையும் வரைந்தார். அவருடைய படத்தில் இறகு வைத்த அம்பு தெளிவாக நிற்கிறது. துணியிலும் இன்று அம்புதான். ஆனால் இதற்கிடையில் பல இடங்களில் புது நூல் ஏறியிருக்கிறது. பக்கத்திலேயே குதிரைவீரனின் வாளுக்கு இன்னொருவன் சாய்கிறான். மன்னர் கொல்லப்பட்டதைச் சொல்லும் சொல் இவன் தலைக்கு மேலே வருகிறது. இவன் முகத்தருகிலும் நூல் உதிர்ந்துபோன ஊசித் துளைகள் ஒரு வரிசையாக இருக்கின்றன. ஹரால்ட் யார்? ஒருவனா, இருவருமா? வாதம் ஓயவில்லை. 1729இல் ஒருவர் உட்கார்ந்து நகல் எடுத்திருக்காவிட்டால் இப்படி ஒரு கேள்வி இருப்பதே நமக்குத் தெரிந்திருக்காது. நகல்களை இரண்டாம் தரமாக நினைக்க என்னால் முடியாததற்கு இதுவே காரணம்.

நகல்களில் என் மனம் கவர்ந்தது ஸ்டாஃபோர்ட்ஷயரின் லீக் என்ற சிற்றூரில் பிறந்தது. இங்கிலாந்துக்கென்று ஒரு பிரதி வேண்டும் என்று எலிசபெத் வார்டில் 1885இல் முடிவு செய்தார். அவருடைய கணவர் தாமஸ் வார்டில் பெரிய சாயத் தொழிலதிபர். வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸுக்கே சாயத்தொழில் சொல்லிக்கொடுத்தவர். கம்பளிக்குத் தாவரச் சாயம் ஏற்றித் தந்தது அவர்தான். 35 பெண்கள் உட்கார்ந்து ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் முழு நீளத்தையும் முடித்துவிட்டார்கள். அசலை 1872இல் எடுத்த புகைப்படங்கள்தான் அவர்களுக்கு மாதிரி. தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்தில் யாரோ அந்தப் படங்களில் கைவைத்திருந்தார்கள். ஓரப் பட்டையில் அம்மணமாக இருந்த ஆணுக்குக் கால்சட்டை மாட்டியிருந்தார்கள். பெண்கள் கண்ட கால்சட்டையை அப்படியே தைத்துவிட்டார்கள். பதினோராம் நூற்றாண்டு கூச்சப்படாததற்கு விக்டோரியா காலம் கூச்சப்பட்டது அந்த நாலு தையலில் பதிவாகிவிட்டது. 1895 முதல் அந்தப் பிரதி ரெடிங் நகரத்துக்குச் சொந்தம்.

இந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு புதிய போரையும் தைத்திருக்கிறார்கள். 1944இன் நார்மண்டித் தரையிறக்கத்தைச் சொல்லும் 83 மீட்டர் 'ஓவர்லார்ட்' எம்பிராய்டரி இப்போது போர்ட்ஸ்மத்தில் இருக்கிறது. அசலின் கடைசிப் பகுதி என்றோ கிழிந்து தொலைந்தது. ஆல்டர்னி தீவுமக்கள் கூடி, வில்லியம் முடிசூடும் காட்சியைத் தைத்து 2013இல் அந்தக் கதையை முடித்துவைத்தார்கள்.

அசலில் தைத்த யாருடைய பெயரும் இல்லை. லீக் பெண்களோ ஒவ்வொருவரும் தான் தைத்த பகுதிக்குக் கீழே தன் பெயரையும் தைத்திருக்கிறார்கள். போர், குதிரை, கப்பல் எல்லாம் முடிந்து, அதன் அடியில் சின்ன எழுத்தில், அதே கம்பளி நூலில்.