பழவேற்காட்டுக் கல்லறைகளுக்குச் சாய்ந்த வெயில் வேண்டும்

பழவேற்காட்டுக்குக் கேமராவோடு வருகிறவர்கள் பெரும்பாலும் பூநாரைகளைத் தேடி ஏரிக்குப் போய்விடுகிறார்கள். டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்கு வருகிற சிலரும் வாசலில் இருபுறமும் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கும். உள்ளே படுத்துக் கிடக்கும் கற்பலகைகளில்தானே விஷயம் இருக்கிறது!

1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள், சோழமண்டலக் கரை வணிகத்தை இங்கிருந்துதான் நடத்தினார்கள். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. கோட்டை இன்று புதர் மண்டிக் கிடக்கிறது. கல்லறைகளோ யார், என்ன பதவி, எந்த நாளில் இறந்தார் என்று இன்னமும் சொல்கின்றன.

அதைப் படத்தில் கொண்டுவருவது வெளிச்சத்தின் கையில் இருக்கிறது. பல கற்களில் எழுத்தைப் பள்ளமாக வெட்டவில்லை. சுற்றிலும் கொத்தி எடுத்து, எழுத்தைப் புடைப்பாக விட்டிருக்கிறார்கள். உச்சிவெயிலில் நிழலே விழாது, கல் வெறும் சாம்பல் பரப்பாகத் தெரியும். காலையில் வெயில் பக்கவாட்டில் தவழும்போது ஒவ்வோர் எழுத்தின் ஓரத்திலும் மெல்லிய கறுப்புக் கோடு விழும். குலச்சின்னத்தின் இறகுகூட எழுந்து நிற்கும். மர நிழலில் உள்ள கல்லுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியே போதும். அக்கா மகன் தள்ளி நின்று வெயிலைத் திருப்பிவிட்டு, “மாமா, இன்னும் சாய்க்கட்டுமா?” என்பான். அவன் சாய்க்கச் சாய்க்க, தேய்ந்துபோன ஆண்டு மேலெழும்பி வரும்.

எழுத்து தெரியவேண்டும் என்று சாக்பீஸோ மாவோ பூசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. சாக்பீஸ் தூள் கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடும். மாவில் பூஞ்சை பிடிக்கும். கம்பி பிரஷ் எழுத்தையே சுரண்டிவிடும். இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். கல்லைத் தொடாமல் எடுப்பதே முறை. டிரைபாட் வைப்பதானால் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி, சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1905-இல் நூலாக்கினார். கல் சிதைந்தாலும் அவர் பதிந்த வரி நமக்கு இருக்கிறது. நம் படங்களும் அந்த வேலையைச் செய்யலாம்.

உங்கள் ஊரிலும் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கும். பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கி, முழுக் கல்லையும் நேர்மேலிருந்து ஒன்று, எழுத்தை மட்டும் ஒன்று, பக்கத்துக் கல்லறைகளோடு சேர்த்து ஒன்று எடுங்கள். இடத்தையும் தேதியையும் எழுதி, ஒரு பிரதியை ஊர் நூலகத்தில் கொடுத்துவையுங்கள்.