மழையில் கரையும் யூரியா எங்கே போகிறது?

ஐப்பசி அடைமழையில் சம்பா வயல்களின் வரப்பு வழிந்தோடும் தண்ணீர், வடிகால் வாய்க்கால்களில் இறங்கிக் கடலைச் சேர்கிறது. மேலுரமாகப் போட்ட தழைச்சத்தில் ஒரு பகுதியும் கூடவே போகிறது. அதை எடுத்துக்கொள்ளக் கடலிலும் ஒரு பயிர் உண்டு.

பைட்டோபிளாங்டன் எனப்படும் தாவர மிதவை நுண்ணுயிரிகள்தான் அந்தப் பயிர். தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. நெல்லைப் போலவே இவற்றுக்கும் வெயில், தழைச்சத்து, மணிச்சத்து வேண்டும். டயட்டம் என்ற வகைக்குச் சிலிக்காவும் தேவை. அதையும் ஆற்றுநீர் கொண்டுவருகிறது. வெள்ளம் கலந்த உடனே இவை பெருகிவிடாது. கலங்கல் நீர் வெயிலை மறைக்கும். சேறு படிந்து, வானம் வெளுத்த சில நாட்களில்தான் கடல் பச்சை பூக்கும்.

புயலின் வழி வேறு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, கோதாவரி ஆறுகள் வங்கக் கடலில் கொட்டும் நன்னீர், உப்புநீரைவிட எடை குறைவு என்பதால் மேலாகவே தங்கிவிடுகிறது. அடியிலுள்ள சத்தை அது மேலே வர விடுவதில்லை. வலுத்த புயல் கடந்தால், ஆழ உழவு போட்டதுபோல அடிநீர் புரண்டு மேலே வரும். சில நாட்களில் பச்சையம் கூடுவதைச் செயற்கைக்கோள் படங்களிலேயே காணலாம்.

அளவோடு இருந்தால் இது மீனுக்குத் தீவனம். சாளை மீன் இதைத் தின்றே கொழுக்கிறது. அளவு மீறிப் பெருகி, மொத்தமாக மடிந்து அழுகினால் நீரில் ஆக்ஸிஜன் தீர்ந்துவிடும். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் ‘பூங்கோரை’ படர்ந்து கடல் பச்சையானது; மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. நாக்டிலுகா என்ற நுண்ணுயிரியின் வேலை அது. அந்தப் பழியை வயல் உரத்தின் மேல் போடுவது நியாயமில்லை. காற்று, நீரோட்டம், வெப்பம் எனப் பலதும் சேர்ந்தே இப்படி நடக்கும். ஆனால் முகத்துவாரங்களிலும் காயல்களிலும் வயல் வடிகாலுக்கும் ஊர்ச் சாக்கடைக்கும் பங்கு உண்டு.

விவசாயிக்கு இது காசுக் கணக்கும்கூட. 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 20 கிலோவுக்குச் சற்று மேல். நெல் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் அதில் பாதிக்கும் குறைவு. கனமழை எச்சரிக்கை இருந்தால் மேலுரத்தைத் தள்ளிப்போடுங்கள். யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம் புண்ணாக்கு 1 பங்கு கலந்து ஓரிரவு வைத்திருந்து, வயலில் நீரைக் குறைத்தபின் இடுங்கள். இரண்டு நாளாவது வடிமடையைத் திறக்க வேண்டாம்.