மாடி ஏறும் எந்திரம்

கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் பழைய ஓட்டு வீட்டைப் பிரிப்போரை நீங்கள் கண்டிருக்கலாம். அவர்கள் எடுத்த எடுப்பில் சுவரை இடிப்பதில்லை. கூரைமேல் ஏறி முதலில் ஓடுகளை இறக்குவர். பின்னர்ச் சட்டங்களையும் விட்டத்தையும் கழற்றுவர். இறுதியிலேயே சுவரில் கடப்பாரையைப் போடுவர். கட்டும்போது கடைசியாக ஏறியது, பிரிக்கும்போது முதலில் இறங்க வேண்டும். இம்முறை மாறினால் கூரை தலைமேல் விழும் அன்றோ?

கோயம்புத்தூரில் பழைய பஞ்சாலைகள் நின்ற இடங்கள் சிலவற்றில் இன்று பல மாடிக் கட்டடங்கள் எழுந்துள்ளன. அவையும் ஒரு நாள் முதுமை எய்தும். கான்கிரீட்டாலும் இரும்புக் கம்பியாலும் ஆன அவற்றைக் கடப்பாரையால் மட்டும் பிரித்தல் அரிது. தரையில் நின்றவாறே நீண்ட கையால் இடிக்கும் எந்திரங்கள் உண்டு. ஆனால் அக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. எந்திரம் நிற்கப் பரந்த வெளியும் வேண்டும். வீடுகள் நெருங்கிய தெருவில் அவ்வெளி ஏது? ஆதலின் சிறிய எந்திரம் ஒன்றைக் கிரேன் என்னும் பாரந்தூக்கியால் தூக்கி, உச்சித் தளத்தின்மேல் மெல்ல இறக்கி வைக்கின்றனர்.

தூக்குவது மட்டுமன்று, தாங்குவதும் பெரிய வினாவே. குடியிருப்பு அறையின் தளத்தைச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ சுமை தாங்குமாறு அமைப்பது வழக்கம். அவ்வாறாயின் 15 சதுர மீட்டர்த் தளம் 3,000 கிலோ தாங்கும். எந்திரத்தின் எடையும் 3,000 கிலோ எனின் அச்சம் இல்லை என்று எண்ணுவீர்கள். அது தவறு. அந்தக் கணக்கு, தளம் முழுவதும் பரவிய சுமைக்கே பொருந்தும். எந்திரமோ தன் எடை முழுவதையும் இரண்டு சங்கிலிப் பட்டைகளின் வழியே ஏறத்தாழ ஒரு சதுர மீட்டரில் ஊன்றுகின்றது. அதனுடன் சுத்தியின் அதிர்வும் சேர்கின்றது. உடைந்து குவியும் கான்கிரீட்டின் எடையோ கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,400 கிலோ!

ஆகவே பொறியாளர் முதலில் கட்டடத்தின் வலிமையைக் கணக்கிடுவார். கீழுள்ள தளங்கள் பலவற்றில் வரிசையாக முட்டுக் கொடுப்பர். எந்திரம் உத்தரங்களின்மேல் நிற்குமாறு வழி வகுப்பர். இடிபாடுகளைக் குவியவிடாது உடனுக்குடன் கீழே அனுப்புவர். புறச்சுவர்கள் தெருப்பக்கம் சாயாதவாறு அவற்றை உட்புறமாக இழுப்பர். முதலில் தளம், பின்பு உத்தரம், அதன்பின் தூண் என ஒரு மாடி முடிந்ததும், எந்திரத்தைச் சரிவுப் பாதை வழியாகவோ பாரந்தூக்கியாலோ அடுத்த மாடிக்கு இறக்குவர்.

எல்லாக் கட்டடமும் இவ்வாறு எந்திரத்தைச் சுமக்காது. சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28ஆம் நாள் பல மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து 61 பேர் மாண்டனர். அதன் அருகே நின்ற இணைக் கட்டடமும் நம்பத்தகாதது என முடிவாயிற்று. 2016 நவம்பர் 2ஆம் நாள் திருப்பூரைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று வெடி வைத்துச் சில வினாடிகளில் அதனை வீழ்த்தியது.

சென்னைத் தியாகராய நகரில் 2017 மே 31ஆம் நாள் தீப்பற்றிய ஏழு மாடித் துணிக்கடையும் அத்தகையதே. கடும் வெப்பம் கான்கிரீட்டின் வலிமையைக் குறைத்துவிடும். அதனைத் தாடை போன்ற வெட்டும் கருவி கொண்ட எந்திரத்தால் கீழிருந்தே இடித்தனர். அப்பணியில் இடிபாடு விழுந்து எந்திரத்தை இயக்கிய தொழிலாளி ஒருவர் உயிர் துறந்தார்.

மாணவர்களே, இடித்தல் எளிது என்று உலகம் கூறும். ஆயினும் கட்டுவோனுக்கு வேண்டிய கணக்கு, இடிப்போனுக்கும் வேண்டும். தான் நிற்கும் தளத்தையே உடைப்பவன், அத்தளம் எவ்வளவு தாங்கும் என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவே அவன் உயிருக்கும் தெருவில் நடப்போர் உயிருக்கும் காவலாகும்.