தரவுத்தளத்தில் தவறி அழிந்த பதிவுகளை மீட்டெடுத்தல்

முன்னுரை

அகராதிச் சொற்பட்டியல், கல்வெட்டுத் தொகுப்பு, நாட்டார் வழக்காற்றுக் களஆய்வுக் குறிப்பு எனத் தமிழாய்வின் மூலத் தரவுகள் பலவும் இன்று தரவுத்தளங்களில் சேமிக்கப்படுகின்றன. தகவலாளர் மறைந்தபின் அவர் பாடிய பாடலை மீண்டும் திரட்ட இயலாது. ஆதலின், தவறான ஒரு கட்டளையால் அழிந்த பதிவுகளை மீட்பது எதைச் சார்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அழித்தலும் அழிதலும்

அழித்தற் கட்டளை பதிவை உடனே வட்டிலிருந்து நீக்கிவிடுவதில்லை. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தில் அழிக்கப்பட்ட வரிசை செல்லாதது எனக் குறிக்கப்படும். துப்புரவுப் பணி அவ்விடத்தை விடுவிக்கும் வரை பெரும்பாலும் கோப்பிலேயே இருக்கும். கட்டளை பரிவர்த்தனைக்குள் இடப்பட்டு இன்னும் 'கமிட்' செய்யப்படவில்லையெனில் 'ரோல்பேக்' ஒன்றே போதும். 'கமிட்' ஆகிவிட்டதெனில், புதிய பதிவுகள் எழுதப்படுவதை முதலில் நிறுத்த வேண்டும். பின்னர்த் தரவுக் கோப்புகளை நகலெடுத்து, அந்நகலிலேயே மீட்பு முயற்சியை மேற்கொள்ள வேண்டும்.

நகலும் மாற்றக் குறிப்பேடும்

நம்பத்தக்க மீட்புக்கு இரண்டு தேவை: முன்னர் எடுத்த முழுக் காப்புநகல், அதன்பின் நிகழ்ந்த மாற்றங்களின் குறிப்பேடு. மைஎஸ்கியூஎல்லில் 'பைனரி லாக்' இப்பணியைச் செய்கிறது. திங்கள் இரவு நகல் எடுக்கப்பட்டு, புதன் 11.20 மணிக்குப் பதிவுகள் அழிந்தன எனக் கொள்வோம். நகலை வேறொரு கணினியில் நிறுவி, குறிப்பேட்டை 11.19 வரை இயக்கினால் அழிவுக்கு முந்தைய நிலை கிட்டும். அதிலிருந்து அழிந்த பதிவுகளை மட்டும் நடப்புத் தரவுத்தளத்தில் சேர்த்தால், பின்னர் உள்ளிட்டவை இழக்கப்படா. உடனுக்குடன் ஒத்திசையும் இணைச் சர்வர் காப்புநகல் ஆகாது. அழித்தற் கட்டளை அங்கும் சென்று சேரும்.

கிட்லேப் நிகழ்வு

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர், இணைச் சர்வரில் நீக்க எண்ணிய தரவு அடைவை முதன்மைச் சர்வரில் நீக்கினார். ஏறத்தாழ 300 ஜிபியில் எஞ்சியது சுமார் 4.5 ஜிபி. அன்றாடக் காப்புநகல் மென்பொருளின் பதிப்புப் பொருந்தாமையால் நகல்கள் உருவாகவேயில்லை. அத்தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரைச் சேரவில்லை. வேறொரு தேவைக்காக ஏறத்தாழ 6 மணி நேரத்திற்கு முன் எடுக்கப்பட்டிருந்த வட்டுப் பதிவே கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத்துத் தரவுகள் மீளவில்லை. காப்புநகல் பல இருந்தும், மீட்டுப் பார்த்துச் சோதிக்காமையே இழப்பைப் பெருக்கியது.

நகல் இருக்கும் இடம்

நகலும் மூலமும் ஒரே அறையில் இருத்தலும் இடரே. 2015 டிசம்பர் முதல் இரு நாள்களில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பதிவாகித் தென்சென்னைப் புறநகர்கள் நீரில் மூழ்கின. கீழ்க்கட்டளை ஏரியின் உபரிநீர் நாராயணபுரம் ஏரி வழியே பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சேர்வது. இத்தகைய நீர்வழியில் அமைந்த தரைத்தள அலுவலகத்தில் கணினியும் காப்பு வட்டும் சேர்ந்தே நனையும். எனவே ஒரு நகலேனும் வேற்றூரில் இருத்தல் வேண்டும்.

முடிவுரை

உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க இயன்றது, பல ஊர்களில் அதன் ஏட்டுப்பிரதிகள் எஞ்சியிருந்தமையால்தான். தரவுத்தளத்திற்கும் இதுவே பொருந்தும். ஆய்வுத் திட்டம் தொடங்கும்போதே நகலின் கால இடைவெளியையும் இடத்தையும் வரையறுத்து, மாதம் ஒருமுறையேனும் அதை மீட்டுப் பார்த்தல் ஆய்வுநெறியின் பகுதியாதல் வேண்டும்.