பழைய எம்.ஜி.பி. பந்தயத்துக்குப் போகிறது

கோலா கங்சார் மாவட்ட அலுவலகம் அருகே நிற்கும் பழைய ரப்பர் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். 1877-இல் நடப்பட்டது. அதன் வழிவந்த தோட்டங்களில் நம் பாட்டன்மார் சீவி எடுத்த பால் உலகெங்கும் டயரானது. டயரைச் சோதிக்கும் இடம்தானே பந்தயத் தடம்!

அங்கே ஓடிய கார்களுள் ஒன்று எம்.ஜி.பி. 1962-இல் வெளிவந்த, இரண்டு இருக்கை கொண்ட பிரிட்டிஷ் கார், 1,798 சி.சி. இஞ்சின். 1963 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் மணலில் புதைந்தது. ஓட்டுநர் ஆலன் ஹச்சசன் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் தோண்டி மீட்டார். அப்படியும் 12-ஆவது இடம்!

இன்றும் பொழுதுபோக்குப் பந்தயக்காரர்கள் இதை ஓட்டுகிறார்கள். தயார் செய்வதென்றால் புதுப்பொருள் பூட்டுவது என்று நினைப்போம். பழங்கார்ப் பந்தயத்தில் அது செல்லாது. அந்தக் காலத்தில் இருந்ததுதான் இருக்க வேண்டும். பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை: இரும்புக் கூண்டு, தீயணைப்பான், மின்சாரத்தைத் துண்டிக்கும் விசை.

கடினமான வேலை அதன் இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்களில்தான். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்துக் கேட்பார்கள். இரண்டிலும் காற்று இழுக்கும் ஓசை ஒன்றாகும்வரை திருகைத் திருப்ப வேண்டும். கணினியைச் செருகிப் பழுது பார்க்கும் பட்டறைகளில் இந்தக் காது அருகி வருகிறது.

வாகனத் தொழில்நுட்பம் படிக்கும் தம்பி தங்கைகளே, வீட்டில் ஓடாத பழைய காப்சாய் கிடக்கிறதா? அதன் கார்புரேட்டரைக் கழற்றிப் பாருங்கள். மிதவையும் ஊசியும் அதிலும் உண்டு.