பதினொன்றுக்கு மேல் எண்ணத் தெரியாத லேப்டாப்!

குட்டீஸ்... உங்கள் வீட்டில் பழைய லேப்டாப் இருக்கிறதா? திடீரென்று அதில் வைஃபை கிடைக்காமல் போனால், 'ரிப்பேர்' என்று மூலையில் போட்டுவிடாதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்!

சேலையூரில், என் அக்கா வீட்டில் நடந்தது இது. உறவினர் ஒருவர் 2012ல் அமெரிக்காவில் இருந்து வாங்கி வந்த லேப்டாப் அங்கே இருக்கிறது. எட்டாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள், பள்ளிக் கட்டுரைகளை எல்லாம் அதில்தான் டைப் செய்வாள்.

ஒருநாள் காலை, கரண்ட் போய் வந்தது. அதன்பின், லேப்டாப்பில் அவர்கள் வீட்டு வைஃபை பெயரையே காணோம்!

''பழசாகி விட்டது. எடைக்குப் போட வேண்டியதுதான்,'' என்றார் அவள் அப்பா. அவள் முகம் வாடிவிட்டது.

ஆனாலும், இரண்டு விஷயங்களைக் கவனித்தாள். அப்பாவின் செல்போனில் வைஃபை ஒழுங்காக வேலை செய்தது. எனவே, ரவுட்டரில் பழுது இல்லை. லேப்டாப்பில் பக்கத்து வீட்டு வைஃபை பெயர்கள் தெரிந்தன. எனவே, லேப்டாப்பிலும் பழுது இல்லை. பிறகு கோளாறு எங்கே?

சேனல் என்றால் என்ன?

ரேடியோவில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் அலைவரிசை உண்டு அல்லவா? வைஃபையும் ரேடியோ அலைதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் உள்ள அலைவரிசைகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். இவைதான் சேனல்கள். முதல் சேனல் 2412 மெகாஹெர்ட்ஸ். அடுத்தடுத்த சேனலுக்கு 5 மெகாஹெர்ட்ஸ் கூடும். அப்படியே போனால் 13வது சேனல் 2472.

இந்தியாவில் 1 முதல் 13 வரை பயன்படுத்தலாம். இதற்கு லைசென்ஸ் வேண்டாம் என்று 2005ல் அரசு அறிவித்தது. ஆனால், அமெரிக்காவுக்காகத் தயாராகும் சாதனங்கள் பெரும்பாலும் 11வது சேனலோடு நின்றுவிடும். 13க்குச் சற்று மேலே உள்ள அலைவரிசைகளுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்பதற்காக, அங்கே விதிகள் கடுமையாக இருக்கின்றன.

இப்போது புரிகிறதா? கரண்ட் வந்ததும், நெரிசல் இல்லாத சேனலை ரவுட்டர் தானாகத் தேடியிருக்கிறது. 13 காலியாக இருக்கவே, அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. பாவம், லேப்டாப்புக்குத் தெரிந்ததோ 11 வரைதான்!

அவளும் அப்பாவும் ரவுட்டரின் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தார்கள். சேனல் என்ற இடத்தில் 'ஆட்டோ' என்றும், பக்கத்தில் 13 என்றும் இருந்தது. அதை 6 என்று மாற்றினார்கள். சில நிமிடங்களில், லேப்டாப்பில் வீட்டு வைஃபை பெயர் எட்டிப் பார்த்தது. எடைக்குப் போக இருந்த லேப்டாப் பிழைத்தது!

நீங்கள் செய்ய வேண்டியது

* வேறு கருவியில் வைஃபை கிடைக்கிறதா, லேப்டாப்பில் மற்ற வைஃபை பெயர்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

* பெரியவர்களை உடன் வைத்துக்கொண்டே ரவுட்டர் செட்டிங்ஸைத் திறக்க வேண்டும். பழைய எண்ணை நோட்டில் குறித்துக் கொள்ளுங்கள்.

* 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வைஃபைக்கு ஏறக்குறைய 20 மெகாஹெர்ட்ஸ் இடம் வேண்டும். இம்மூன்றும் 25 மெகாஹெர்ட்ஸ் தள்ளித் தள்ளி இருப்பதால், ஒன்றோடொன்று மோதாது.

* பழைய லேப்டாப்கள் பலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தெரியாது. ரவுட்டரில் 2.4 நிறுத்தப்பட்டிருந்தால், அதை ஆன் செய்யச் சொல்லுங்கள்.

ஒரு கணக்கு!

மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவது ஏறக்குறைய 2450 மெகாஹெர்ட்ஸில். அது எந்த இரண்டு சேனல்களுக்கு நடுவே வருகிறது? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்... அடுப்பு ஓடும்போது, பக்கத்தில் வைஃபை ஏன் திணறுகிறது என்பதும் புரியும்!