கரிசல் சாலையில் ஒற்றை வேகம்

ஏந்தல் என்பது நீர் தேங்கி நிற்கும் இடத்தைக் குறிக்கும் சொல். மழையை நம்பி வாழும் கரிசல் நிலத்தில் ஊர்ப்பெயர்கள் நீர்நிலையின் பெயரைத் தாங்கி நிற்பதில் வியப்பில்லை. கோவில்பட்டிக்கு மேற்கே, சங்கரன்கோவில் வட்டாரத்தோடு நெடுங்காலம் இணைந்திருந்த இளையரசனேந்தலும் அத்தகைய பெயர் கொண்ட ஊரே. சுற்றிலும் பருத்தியும் மக்காச்சோளமும் பயறு வகைகளும் விளையும் சமவெளி. பெரிய மேடோ பள்ளமோ இல்லாத இந்நிலத்தில், இருசக்கர மோட்டார் வண்டிகள் பெருகும்வரை, பல குடும்பங்களுக்கு மிதிவண்டி ஒன்றே ஊர்தி. கறுப்பு வண்ணம், 28 அங்குலச் சக்கரம், முன்னும் பின்னும் கம்பிப் பிரேக், குறுக்கே ஒரு பார், பின்னால் இரும்புக் கேரியர். குடிநீர்க் குடங்களும் புல்லுக்கட்டும் பருத்திப் பொதியும் அதன்மேல் ஏறின. அதற்கு ஒரே ஒரு வேகந்தான் உண்டு. வேகத்தை மாற்றும் கியர் என்ற ஒன்று அதில் இல்லை என்பதை அதை ஓட்டியவர்கள் ஒரு குறையாக எண்ணியதும் இல்லை.

இன்று கடைகளில் 7, 21, 24 வேகங்கள் கொண்ட மிதிவண்டிகள் கிடைக்கின்றன. ஆயினும் உலகின் பெருநகரங்கள் பலவற்றில் ஒரு சாரார் அவற்றை விடுத்து, ஒற்றை வேக வண்டிகளை விரும்பி வாங்குகின்றனர். இன்னும் சிலர் ஒருபடி மேலே சென்று, மிதிப்பதை நிறுத்தவே முடியாத நிலைப்பல் வண்டிகளை ஓட்டுகின்றனர். சிற்றூர் மக்கள் வேறு வழியின்றிப் பெற்ற ஒன்றை, எல்லா வழியும் உள்ளவர்கள் தேடிச் செல்வது ஏன்? இதற்கு விடை காண வண்டியின் இயக்கத்தை முதலில் அறிதல் வேண்டும்.

மிதிகட்டையோடு இணைந்த பெரிய பல்சக்கரத்தில் 44 பற்களும், பின்சக்கரத்தின் சிறிய பல்சக்கரத்தில் 18 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். மிதிகட்டை ஒருமுறை சுற்றினால் சங்கிலியின் 44 கண்ணிகள் நகரும். பின்சக்கரம் 44-ஐ 18-ஆல் வகுத்த அளவு, அதாவது ஏறத்தாழ 2.44 முறை சுழலும். 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.23 மீட்டர். ஆகவே ஒரு முழு மிதிக்கு வண்டி சுமார் 5.4 மீட்டர் செல்கிறது. நிமிடத்துக்கு 60 முறை மிதிப்பவர் மணிக்கு 20 கிலோமீட்டரை நெருங்குவார். சமவெளியில் உடல்நலமுள்ள ஒருவர் களைப்பின்றிச் செல்லத்தக்க வேகத்தை ஒட்டியதே இது. ஒற்றை வேக வண்டியை வடிவமைப்பவர் செய்வது ஒரே ஒரு தேர்வுதான்: எந்த விகிதம் பெரும்பாலான சாலைக்கும் பெரும்பாலான கால்களுக்கும் பொருந்தும் என்று முடிவு செய்வது. அதன்பின் ஏற்றம் வந்தாலும் எதிர்காற்று வந்தாலும் வண்டி மாறாது. ஓட்டுபவர்தான் மாற வேண்டும். எழுந்து நின்று மிதிக்கலாம், மெதுவாகச் செல்லலாம், இறங்கித் தள்ளலாம்.

அடுத்து, மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி ஓடுவது எப்படி என்னும் வினா. பின்சக்கரத்தின் சிறிய பல்சக்கரத்தினுள் ஃப்ரீவீல் எனப்படும் அமைப்பு உள்ளது. அதற்குள் சாய்ந்த பற்களும், சுருள்வில்லால் உந்தப்படும் சிறு நாக்குகளும் இருக்கும். முன்னோக்கி மிதிக்கும்போது நாக்குகள் பற்களில் மாட்டிக்கொண்டு சக்கரத்தை இழுக்கும். மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் மட்டும் சுழல, நாக்குகள் பற்களின்மேல் ஏறி இறங்கி வழுக்கிச் செல்லும். இறக்கத்தில் செல்லும் மிதிவண்டியிலிருந்து எழும் 'கிர்ர்' என்னும் ஒலி இந்த நாக்குகளின் ஒலியே.

நிலைப்பல் வண்டியில் இந்த நாக்குகள் இல்லை. பல்சக்கரம் பின்சக்கரத்தோடு நேரடியாக இறுக்கப்பட்டிருக்கும். சக்கரம் சுழலும்வரை மிதிகட்டையும் சுழலும், கால்களுக்கு ஓய்வில்லை. கால்களால் எதிர்த்து அழுத்தினால் வண்டியின் வேகம் குறையும்; பின்னோக்கி மிதித்தால் வண்டி பின்னோக்கிச் செல்லும். இது எங்கோ வெளிநாட்டு வேடிக்கை என்று எண்ண வேண்டியதில்லை. குழந்தைகள் வீட்டு முற்றத்தில் ஓட்டும் மூன்று சக்கர வண்டி இத்தகையதே. அதன் மிதிகட்டைகள் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டவை. அவ்வண்டியில் தொடங்கியவர்கள் அனைவரும் நிலைப்பல் வண்டியில்தான் ஓட்டம் பழகினர்.

தமிழகச் சிற்றூர்ச் சிறுவர்களின் 'குரங்குப் பெடல்' என்னும் வித்தையும் இங்கே நினைவுகூரத் தக்கது. 2024-ஆம் ஆண்டில் இப்பெயரிலேயே ஒரு திரைப்படமும் வெளிவந்தது. இருக்கையில் அமர்ந்தால் கால் எட்டாத வயதில், பெரியவர்களின் வண்டியில் பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, உடலை ஒருபுறமாகச் சாய்த்து ஓட்டுவது அது. தொடக்கத்தில் முழுச்சுற்று மிதிக்க வராது. பாதிச் சுற்று அழுத்தி, மிதிகட்டையை மீண்டும் மேலே கொண்டுவந்து, மறுபடியும் பாதிச் சுற்று அழுத்துவார்கள். அரைப்பெடல் என்று இதனைச் சொல்வதுண்டு. வண்டி முன்னே சென்றுகொண்டிருக்கும்போதே மிதிகட்டையைப் பின்னோக்கித் திருப்ப முடிவது ஃப்ரீவீல் இருப்பதனால்தான். நிலைப்பல் வண்டியில் குரங்குப் பெடல் பழக இயலாது. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த மிதிவண்டியில் முழங்கால் சிராய்த்துப் பழகிய தலைமுறைகள், ஃப்ரீவீலின் நாக்குகளுக்குத் தம்மையறியாமல் கடன்பட்டவை.

வரலாற்றில் முதலில் வந்தது நிலைப்பல் வண்டியே. 1870-களில் மேலைநாடுகளில் ஓடிய உயர்சக்கர வண்டியில் மிதிகட்டைகள் பெரிய முன்சக்கரத்தோடு நேரே இணைந்திருந்தன. ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரே ஒரு சுற்றுதான் சுற்றும். எனவே வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வழியில்லை. இறக்கத்தில் மிதிகட்டைகள் வெறிகொண்டு சுழலும்போது, ஓட்டுபவர்கள் கால்களைத் தூக்கிக் கைப்பிடியின்மேல் வைத்துக்கொள்வதும் உண்டாம்! 1880-இல் ஹான்ஸ் ரெனால்டு உருளைச் சங்கிலியை உருவாக்கினார். 1885-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, சம அளவை ஒட்டிய இரு சக்கரங்களும் பின்சக்கரத்தை இழுக்கும் சங்கிலியும் கொண்ட ரோவர் வண்டியை அறிமுகப்படுத்தினார். 1888-இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. ஃப்ரீவீல் பரவலானது அதன் பின்னர்தான்.

கியர் வந்தபோது எல்லோரும் அதை வரவேற்கவில்லை. பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1903-இல் தொடங்கிய ஆன்றி தெகிராஞ்சு, கியர் மாற்றும் கருவியை நெடுங்காலம் தம் பந்தயத்தில் அனுமதிக்கவில்லை. பந்தயம் மனிதத் தசைகளுக்கிடையே நடக்க வேண்டுமேயன்றிக் கருவிகளுக்கிடையே நடக்கலாகாது என்பது அவர் கொள்கை. 1937-இல்தான் அத்தடை நீங்கியது. மலைகள் நிறைந்த பாதையில் வீரர்களை ஒற்றை வேகத்தில் வாட்டியது சற்றுக் கடுமையானதே. ஆனால் ஓடுகளங்களில் இன்றளவும் நிலைப்பல் வண்டியே ஆட்சி செய்கிறது. 1972-இல் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் கடந்து பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் சாதனை படைத்தது நிலைப்பல் வண்டியில்தான். ஜப்பானில் 1948-இல் தொடங்கிய கெய்ரின் பந்தயத்திலும் இவ்வகை வண்டிகளே ஓடுகின்றன. அந்தமானைச் சேர்ந்த இளைஞர் ஈசோ ஆல்பென், 2018-இல் நடைபெற்ற இளையோர் உலகப் போட்டியில் இதே கெய்ரின் பிரிவில் இந்தியாவுக்கு வெள்ளிப் பதக்கம் பெற்றுத் தந்தார்.

இவ்வண்டிகளின் ஈர்ப்பு எதில் உள்ளது? மிதிகட்டை நேர்மேலும் நேர்கீழுமாக நிற்கும் கணத்தில் காலின் அழுத்தம் சுழற்சிக்கு உதவுவதில்லை. சாதாரண வண்டியில் அந்த இடத்தைக் கால் தானே கடந்தாக வேண்டும். நிலைப்பல் வண்டியிலோ, ஓடும் வண்டியின் உந்தமே காலைத் தூக்கி அப்பால் கொண்டு சேர்க்கிறது. வண்டி காலை ஓட்டுகிறதா, கால் வண்டியை ஓட்டுகிறதா என்று பிரித்தறிய முடியாத ஓர் இசைவு அப்போது உண்டாகிறது. சாலையின் வழுக்கலும் சொரசொரப்பும் சிறு ஏற்றமும் உள்ளங்காலுக்குத் தெரிகின்றன. கியர் மாற்றும் எண்ணமே எழாததால், கவனம் முழுவதும் மூச்சிலும் பாதையிலும் நிலைக்கிறது. ஒற்றை வேக வண்டி இவ்வளவு தீவிரமானதன்று. கால்களுக்கு ஓய்வு தருவது. ஆயினும் அதிலும் முடிவெடுக்க வேண்டியவை குறைவு, ஒலி குறைவு, எடை குறைவு, பழுது குறைவு.

பந்தயக் களத்து நிலைப்பல் வண்டிகளுக்குப் பிரேக் கிடையாது. எல்லோரும் ஒரே திசையில் செல்லும் களத்துக்கு அது பொருந்தும். நாய் குறுக்கே ஓடும், லாரி எதிரே வரும் சாலைக்குப் பிரேக் இன்றியமையாதது. நகரத்து இளைஞர் சிலர் பிரேக்கை நீக்கிவிட்டு ஓட்டுவதை வீரம் என்று கொள்ள வேண்டியதில்லை.

கரிசலுக்குத் திரும்புவோம். சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949-இல் தொடங்கப்பட்டது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. ஆகிய பெயர்கள் தமிழகத் தெருக்களில் வீட்டுப் பெயர்கள் போலப் புழங்கியதற்கு அதுவே காரணம். வடக்கே சோனிபட்டில் அட்லஸும் லூதியானாவில் ஹீரோவும் எழுந்தன. இவை பெருமளவில் செய்தது ஒற்றை வேகக் கறுப்பு வண்டிகளையே. ஏழை நாட்டுக்கு மலிவான பொருள் போதும் என்பது மட்டும் இதற்குக் காரணம் ஆகாது. கரிசல் மண்ணை அறிந்தவர்க்கு இன்னொரு காரணம் எளிதில் விளங்கும். கோடையில் வெடித்துப் பிளக்கும் அம்மண், ஒரு மழை பெய்தால் பசையாகிவிடும். சக்கரத்தில் ஒட்டி, மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே அடைத்து, வண்டியை நகரவிடாமல் செய்யும். குச்சியால் சுரண்டி எடுத்தபின்னரே மேலே செல்லலாம். சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளும் மென்மையான கியர்க் கருவி அந்தச் சேற்றில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒற்றை வேக வண்டியில் கழன்ற செயினைக் கையாலேயே மாட்டலாம். தொய்ந்துவிட்டால் பின்சக்கர நட்டைத் தளர்த்தி, அச்சைச் சற்றுப் பின்னே இழுத்து இறுக்கினால் போதும். சீமைக்கருவேல முள் ஏறினால் பஞ்சர் ஒட்டவும், சக்கரம் கோணினால் பெண்டு எடுக்கவும், ஆண்டுக்கொருமுறை பால்ஸ் மாற்றி ஓவராயில் செய்யவும் வேப்பமரத்தடிக் கடைக்காரர் ஒருவரும் அவரது சில ஸ்பேனர்களும் போதுமானவை. தன் வண்டியைத் தானே புரிந்துகொள்ளவும் பழுதுபார்க்கவும் முடிகின்ற உரிமை சிறிதன்று.

அந்த உரிமை ஒரு சமூக மாற்றத்துக்கும் துணைநின்றது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்கள் மிதிவண்டி கற்பதை இயக்கத்தின் ஒரு பகுதியாக்கினார். பல்லாயிரக்கணக்கான சிற்றூர்ப் பெண்கள் ஓட்டப் பழகினர். பெண்களுக்கான வண்டிகள் போதாதபோது ஆண்களின் வண்டியில் ஏறினர். குழந்தையை முன்னால் அமர்த்திக்கொள்ள அந்தப் பார் உதவுகிறது என்று அதையே விரும்பியவர்களும் இருந்தனர். பேருந்துக்காகக் காத்திருப்பதும், அழைத்துச் செல்ல வீட்டு ஆண்களை எதிர்பார்ப்பதும் குறைந்தன. அவர்கள் ஓட்டியவற்றில் கியர் இல்லை.

தமிழக அரசு 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. பின்னர் அத்திட்டம் பிற வகுப்பு மாணவியருக்கும், 2005-06 முதல் மாணவருக்கும் விரிந்தது. பதினொன்றாம் வகுப்பில் மாணவர் பெறும் அந்த வண்டியும் ஒற்றை வேக வண்டியே. 2006-இல் பீகார் அரசு மாணவியருக்கு மிதிவண்டி வழங்கியபோது, உயர்நிலைப்பள்ளிச் சேர்க்கையில் ஆண் பெண் இடைவெளி குறைந்ததாகவும், பள்ளி தொலைவிலிருந்த ஊர்களில் அப்பயன் மிகுந்திருந்ததாகவும் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். பத்தாம் வகுப்போடு நின்றுவிடக்கூடிய ஒரு பெண்ணுக்கும் அடுத்த ஊர்ப் பள்ளிக்கும் இடையே உள்ளது பல நேரங்களில் ஐந்தாறு கிலோமீட்டர் சாலை மட்டுமே.

அச்சாலை எப்போதும் எளியதன்று. ஆனி, ஆடி மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியே வரும் காற்று இப்பகுதியில் ஓயாது வீசும். கயத்தாறு வட்டாரத்தில் காற்றாலைகள் நிறைந்திருப்பது அதனாலேயே. காலையில் கோவில்பட்டி நோக்கிக் கிழக்கே செல்பவர்க்கு அது முதுகில் வைத்த கை. மாலையில் இளையரசனேந்தல் பக்கம் மேற்கே திரும்புபவர்க்கோ மார்பில் வைத்த கை. காற்றின் தடை வேகத்தைவிட விரைந்து பெருகுவது. காற்றைச் சார்ந்த வேகம் இருமடங்கானால் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். கியர் உள்ள வண்டியாயின் எளிய விகிதத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்பதை மறைப்பதற்கில்லை. மலைப்பாதைக்கும் முழங்கால் வலி உள்ளவர்க்கும் முதியோர்க்கும் கியர் நல்ல துணையே. அது இல்லாத வண்டியில் செய்யத்தக்கவை வேறு. முதுகைத் தாழ்த்திக் கைப்பிடியோடு ஒட்டிக்கொள்ளலாம். டயரில் காற்றைக் குறையாமல் வைத்துக்கொள்ளலாம். செயினுக்கு எண்ணெய் இடலாம். மூன்று நான்கு பேராகச் செல்லும்போது ஒருவர் பின் ஒருவராகச் சென்றால் பின்வருபவர்க்குக் காற்றின் தடை குறையும். முன்செல்பவர் களைத்ததும் இடம் மாற்றிக்கொள்ளலாம். டூர் டி பிரான்ஸ் வீரர்கள் செய்வதும் இதுவே. மறுநாள் காலையில் அதே சாலையில் காற்று பின்னாலிருந்து தள்ளும்போது, கால்களை நிறுத்திவிட்டு ஃப்ரீவீலின் 'கிர்ர்' ஒலியைக் கேட்டபடியே நெடுந்தொலைவு செல்லலாம்.